ஒன்பது லிட்டர் மண்

சென்ற ஆண்டு மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வருடங்களாக மீனும் நீர்ச்செடியும் வளர்த்த கண்ணாடித் தொட்டியை, என் செடித் தொட்டியை, முற்றத்தில் வைத்துக் கலைத்தேன். மீன்களை ஒரு வாளிக்கும் செடிகளை இன்னொரு வாளிக்கும் மாற்றிவிட்டு, தண்ணீரை வடித்து, மணலைக் கரண்டியால் அள்ளினேன். மேலே நல்ல பழுப்பாக இருந்த மணல், இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கீழே கன்னங்கரிய நிறத்தில் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அழுகிய முட்டையின் வாடை முற்றம் முழுவதும் பரவியது. செடிகளின் வேர்கள் அந்தக் கறுப்பு அடுக்கின் விளிம்பு வரை வந்து, அதற்குமேல் இறங்காமல் பக்கவாட்டில் சுருண்டிருந்தன.

வாடை தாங்காமல் எழுந்து வந்த அப்பத்தா தொட்டியை எட்டிப் பார்த்தாள். “தண்ணீரைத்தான் வாரம் தவறாமல் மாற்றினாயே ஐயா, மண்ணை ஒரு நாளாவது பார்த்தாயா?” என்று கேட்டாள். நான் பார்த்ததில்லை.

வடிகட்டி சரியில்லை என்றால் பத்து நிமிடத்தில் வேறொன்றை மாட்டிவிடலாம். விளக்கு போதவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பெரியதாக வைக்கலாம். செடி பிடிக்கவில்லை என்றால் பிடுங்கலாம். மண்ணை மட்டும் அப்படி மாற்ற முடியாது. அதை மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே கலைக்க வேண்டும். செடிகள் மறுபடி வேர்பிடிக்க வேண்டும். மண்ணில் குடியேறியிருந்த நுண்ணுயிர்கள் மறுபடி பெருக வேண்டும். இருந்தும் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் விளக்கின் வாட் கணக்கிலும் வடிகட்டியின் பெயரிலும் மூன்று வாரம் மூழ்கியிருந்துவிட்டு, மண்ணைக் கடைசி நாளில் கையில் கிடைத்ததை அள்ளிப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைகளில் இதை ‘சப்ஸ்ட்ரேட்’ என்கிறார்கள். எனக்கு அடிமண் என்ற சொல்லே போதும்.

முதல் தொட்டியில் என்ன தவறு செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவர் வேலைக்கு வாங்கி மிஞ்சிய எம்-சாண்டை நாலு தண்ணீரில் அலசி அப்படியே கொட்டினேன். எம்-சாண்ட் உடைத்த கருங்கல். கருங்கல்லில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அதோடு கலந்திருக்கும் தூள், எத்தனை அலசினாலும் முழுதாகப் போவதில்லை. மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை அந்தத் தூள் அடைத்துவிடுகிறது; தண்ணீர் ஊடுருவுவதில்லை; ஆக்சிஜன் இறங்குவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. முற்றத்தில் பரவிய வாடை அதுதான். உடைத்த கல்லின் மணிகள் கூர்மையானவை என்பதால், மண்ணைக் கிளறி மேயும் மீன்களின் மீசையையும் அவை தேய்த்துவிடும்.

அடுத்த தவறு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் அது ஊர்ப் பாசத்தில் செய்தது. தொட்டியின் பின்பக்கம் குன்றுபோல அடுக்குவதற்கு, செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களின் உடைந்த துண்டுகளைப் பயன்படுத்தினேன். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பூ வரைந்த அந்தத் துண்டுகள் தண்ணீருக்குள் அவ்வளவு அழகாக இருந்தன. ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சூளையில் ஒரு நிமிடமும் அது வேகுவதில்லை. அதாவது அது ஓடு அல்ல, சிமெண்ட். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் என் தொட்டியின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.8-லிருந்து 8.6-க்குப் போனது. வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் இலைகளின்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. தண்ணீரில் கரைந்த கரியமிலவாயு கிடைக்காதபோது அந்தச் செடி பைகார்பனேட்டை உடைத்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் சுண்ணாம்பு இலையிலேயே படிந்துவிடும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது நான் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன்.

சுட்ட மண்ணுக்கு இந்தக் குறை கிடையாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது குவிந்து கிடக்கும் நாட்டு ஓடு, உடைந்த பானைச் சில்லு ஆகியவை நெருப்பில் வெந்தவை, தண்ணீரில் எதையும் கரைப்பதில்லை, உடம்பெல்லாம் நுண்துளை. ஆனால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும். ஐயம் இருந்தால் காடியை, அதாவது வினிகரை, இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கடையில் விற்கும் வெள்ளைச் சலவைக்கல் சில்லும் இப்படி நுரைக்கும். செடித் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமையோடு பேசுவார்கள். எங்கள் தெருவிலோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் வகை. சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டியில் அதன் கார்பனேட் கடினத்தன்மை 12 டிகிரி காட்டியது. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆக, லிட்டருக்கு 215 மில்லிகிராம் அளவில் இருந்தது. இந்த ஓர் எண் தெரியாமல் நான் எந்த மண்ணை வாங்கியிருந்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

ஏன் என்பதைச் சொல்கிறேன். இன்று செடித் தொட்டி என்றாலே எல்லோரும் பரிந்துரைப்பது ‘அக்வா சாயில்’ எனப்படும் குருணை மண். ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015), தண்ணீருக்கு அடியில் ஒரு நிலக்காட்சியையே அமைக்கும் கலையை உலகத்துக்குக் காட்டியவர். அவருடைய நிறுவனம் பரப்பிய அமேசோனியா என்ற மண்தான் இந்த வகைக்கு முன்மாதிரி. களிமண் தன்மையுள்ள மண்ணை உருண்டைகளாக்கி மிதமான சூட்டில் பதப்படுத்தியது. உரச்சத்து உள்ளே இருக்கிறது. தண்ணீரின் கார்பனேட்டை இழுத்து பிஎச்சைக் கீழே கொண்டுவருகிறது. நண்பர் ஒருவர் வீட்டில் அந்த மண்ணில் வளர்ந்த செடிகளைப் பார்த்து நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அருமையான பொருள். ஆனால் கார்பனேட்டை இழுக்கும் அந்தச் சக்திக்கு ஓர் அளவு உண்டு. மென்மையான தண்ணீரில் ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும் அந்தக் குணம், 12 டிகிரித் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் சீக்கிரமே தீர்ந்துபோகும். பிறகு நம்மிடம் இருப்பது விலை உயர்ந்த, மெல்லக் கரைந்து சேறாகிக்கொண்டிருக்கும் சாதாரணக் குருணை. ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ தொடர்ந்து கொடுக்க முடிகிறவர்கள் அதைத் தயங்காமல் வாங்கலாம். முதல் சில வாரங்களில் அதிலிருந்து அம்மோனியா நிறைய வெளிவரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த நாட்களில் மீன் விடுவது கொலை.

எந்தச் செடி வைக்கப்போகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ‘மாஸ்’ எனப்படும் பாசி வகைகள் ஆகியவை கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளர்பவை. முதல் இரண்டின் கிழங்குத் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். அந்தச் செடிகள் மட்டும் போதும் என்றால் மண்ணுக்காக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். அலசிய பருமணல் போதும். கிரிப்டோகரைன், வாள்செடி, அல்லி, கொட்டி போன்றவை வேரால் உண்பவை. அவற்றுக்கு மண்தான் இலைபோட்டுப் பரிமாறும் இடம். எனக்கு கிரிப்டோகரைன் மேல் ஆசை. அதில் இலங்கைக் காட்டு ஓடைகளிலிருந்து வந்த ‘வெண்டியை’ என்ற இனம், வைகாசி வெயிலையும் தாங்கும் செடி. ஆகவே எனக்கு வேருக்குச் சோறு போடும் மண் தேவைப்பட்டது. தண்ணீரின் கடினத்தன்மையைத் தன் தலையில் சுமக்காத மண்ணாகவும் அது இருக்க வேண்டியிருந்தது.

பதில் அப்பத்தாவிடமிருந்து வந்தது. ஒரு நாள் மாலை நான் குருணை மண்ணின் விலையை யாரிடமோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டவள், “கண்மாய்க் கரம்பை அடித்த வயலுக்கு அந்த வருடம் வேறு உரம் கேட்காது. உன் கண்ணாடி வயலுக்கு மட்டும் என்ன?” என்றாள். கோடையில் கண்மாயும் ஊருணியும் வற்றிக் கிடக்கும்போது, அடியில் படிந்த வண்டல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். அதை வெட்டி வயலில் சேர்ப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் கரம்பை அடிப்பது என்கிறோம். களிமண்ணும் மக்கிய இலைதழையும் சேர்ந்த அந்த மண், அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளைத் தன் துகள்களின் மேல் பிடித்துவைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கும். வெறும் மணலுக்கு இந்தப் பிடிமானம் அறவே கிடையாது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் என்ற ஆய்வாளர், விலை உயர்ந்த சாதனங்கள் இல்லாமல், தோட்டத்து மண்ணை அடியில் போட்டு மேலே மணலால் மூடித் தொட்டி அமைக்கும் முறையை 1990களின் இறுதியில் விரிவாக விளக்கினார். அதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதையும் படிப்பதாகத் தோன்றவில்லை. சேற்றில் வேர், மேலே தெளிந்த தண்ணீர், அதில் அல்லி. எங்கள் ஊருணிதான் அது.

ஆனால் கரம்பையை அப்படியே தொட்டியில் போடக் கூடாது. வயலில் கிடக்கும் கரம்பை வேண்டாம், அதில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். எரு விழுந்த இடமும் வேண்டாம். தூர்வாரிக் கரையில் குவித்திருந்த மண்ணிலிருந்து, கேட்டுக்கொண்டு, அரைச் சாக்கு எடுத்துவந்தேன். வெயிலில் காயவைத்து, தட்டி உடைத்து, குச்சியும் நத்தை ஓடும் போகச் சல்லடையில் சலித்தேன். பிறகு அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, மிதக்கும் சருகை வடித்துவிட்டு, வெயிலில் மறுபடி உலர்த்தினேன். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நனைந்து காயும்போது மண்ணிலுள்ள பச்சைக் கழிவு நுண்ணுயிர்களால் சிதைந்து உப்புச்சத்தாக மாறுகிறது. தண்ணீருக்கு அடியில் போன பிறகு அழுகி நாறுவதற்கு மிச்சம் அதிகம் இருப்பதில்லை. முதல் முறை ஊறவைத்தபோது இருந்த சேற்று வாடை, நான்காவது முறையில் மழை விழுந்த மண்ணின் வாசனையாக மாறியிருந்தது. வைகாசி வெயிலில் இதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமணலைப் போட்டு, வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரைகளைப் புதைத்தாலே கிரிப்டோகரைன் நன்றாக வரும். முதல் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

கரம்பையோடு பத்தில் ஒரு பங்கு செம்மண் சேர்த்தேன். இதற்கு ஒரு கதை உண்டு. 1980களில் ஜெர்மனியின் டூப்ளா நிறுவனத்தைச் சேர்ந்த காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் இருவரும், வெப்பமண்டல ஓடைகளில் நீர்ச்செடிகள் வளரும் இடங்களை ஆராய்ந்துவிட்டு, இரும்புச்சத்து மிகுந்த சிவப்புக் களியை அடிமண்ணில் கலக்கும் முறையைப் பரப்பினார்கள். லேட்டரைட் என்ற பெயரில் ஐரோப்பாவில் அது பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது. லேட்டரைட் என்ற பெயரே நம் பக்கத்தில் பிறந்ததுதான். கேரளத்து அங்காடிப்புறத்தில், சிவப்புக் களியைக் கட்டிகளாக வெட்டியெடுத்து வெயிலில் இறுகவிட்டுச் சுவர் கட்டுவதைக் கண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 1807-இல் அந்தப் பெயரை வைத்தார். நாம் செம்புறாங்கல் என்கிறோம். எங்கள் பக்கத்து ஊருணிகளின் சுற்றுச்சுவரிலும் படித்துறையிலும் குழிகுழியாகச் சிவந்து நிற்பது அதுதான்.

செம்மண்ணின் சிவப்பு, துருப்பிடித்த இரும்பு. அந்த நிலையில் அது தண்ணீரில் கரையாது, வேருக்கும் எட்டாது. மண்ணுக்குள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் பாக்டீரியாக்கள் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. ஆகவே செம்மண்ணை மேலே தூவிப் பயனில்லை, தண்ணீரைக் கலக்குவதோடு சரி. அடி அடுக்கில், அதுவும் கொஞ்சமாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறினால் கரைந்த இரும்பே வேருக்கு நஞ்சாகும். என் முதல் தொட்டியின் கறுப்பு அடுக்கை நினைத்து நீங்கள் கேட்கலாம்: ஆக்சிஜன் இல்லாவிட்டால் நாறாதா? அடுக்கு மெல்லியதாக இருந்து, மேலே மூடும் மணல் பருமனாக இருந்து, வேர்கள் அடர்த்தியாக ஓடினால் நாறாது. நீர்ச்செடிகள் இலையில் உண்டாகும் ஆக்சிஜனைத் தண்டு வழியாக வேருக்கு அனுப்பி, வேரைச் சுற்றிலும் கசியவிடுகின்றன. நெற்பயிர் சேற்றில் நின்று பிழைப்பதும் இப்படித்தான்.

இப்போது அளவு. என் தொட்டி 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர், மண்ணும் கல்லும் போக 55 லிட்டர் தண்ணீர். அடிப்பரப்பு ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு 30. முன்பக்கம் 3 சென்டிமீட்டர், பின்பக்கம் 7 என்று சரிவாகப் போட்டால் சராசரி 5. மொத்தம் 9,000 கன சென்டிமீட்டர், அதாவது 9 லிட்டர். குருணை மண்ணும் 9 லிட்டர்ப் பையில் வருவதால், இரண்டடித் தொட்டிக்கு ஒரு பை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான் பின்பாதியில் மட்டும் கரம்பையை இரண்டு சென்டிமீட்டர் பரப்பி, அதன்மேல் கட்டைவிரல் நகம் அளவு நாட்டு ஓட்டுச் சில்லுகளைத் தூவி, மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் பருமணலால் மூடினேன். முன்பக்க விளிம்பில் வெறும் மணல்தான். கண்ணாடியை ஒட்டிக் கரம்பை தெரிந்தால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். மேற்கு ஓரத்தில் மட்டும், வேர் இறங்குவதைப் பார்க்கும் ஆசையால், ஒரு சாண் அகலத்துக்கு அடுக்கு தெரியும்படி விட்டு, வெளியிலிருந்து கறுப்பு அட்டையால் மூடி வைத்தேன்.

தண்ணீருக்கு மழையைத்தான் நம்பினேன். நம் பக்கத்து வீடுகளின் கூரை நான்கு புறமும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பது எதற்காக? ஐப்பசியில் முதல் இரண்டு மழையை ஓட்டுத் தூசி கழுவப்பட விட்டுவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து பிடித்தேன். அப்பத்தா வழக்கம்போலப் பித்தளைக் கிடாரத்தைக் கூரை மூலைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். வீட்டுக்குப் பிடிக்கும் தண்ணீருக்கு அது இருக்கட்டும், தொட்டிக்கு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. மழைத்தண்ணீர் உப்பில்லாத மென்நீர் என்பதால் உலோகத்தைச் சிறிது கரைத்துக்கொள்ளும். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அதனால் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, கொசு முட்டையிடாதபடி துணியால் இறுகக் கட்டினேன். இரண்டு பங்கு மழைத்தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர். 12 டிகிரி 4 ஆயிற்று. கோடையில் ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுசெய்ய மழைத்தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். இதை யாரும் எனக்கு முன்பு சொல்லவில்லை.

சாதனங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. மண்ணும் தண்ணீரும் சரியாக அமைந்தால் சாதனங்கள் எளிமையாக இருந்தாலே போதும் என்பது என் அனுபவம்.

தொட்டியும் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து நூறு கிலோவைத் தொடும். பழைய வீட்டுத் தரை, தண்ணீர் வழிந்தோட முற்றத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் அண்ணன் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி ஓரத்துக்குப் போய்விட்டது. இரும்புத் தாங்கியின் இரண்டு கால்களுக்கு அடியில் தகடு கொடுத்துச் சமன் செய்து, மேலே தெர்மகோல் விரித்து, அதன்மேல் தொட்டியை ஏற்றினோம். சமன் இல்லாத தொட்டியில் ஒரு பக்கக் கண்ணாடிக்கும் ஒட்டுக்கும் அழுத்தம் கூடும். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து கண் மதிப்பில் விடாதீர்கள். முற்றத்து வெயில் நேரே விழாத தாழ்வாரத்தின் உட்சுவர் ஓரம்தான் இடம்.

வடிகட்டிக்கு, தொட்டித் தண்ணீரை மணிக்கு ஆறேழு முறை சுழற்றும் சக்தி போதும். 55 லிட்டருக்கு மணிக்கு 400 லிட்டர் என்று போட்டிருந்த, விளிம்பில் தொங்கும் வடிகட்டியை வாங்கி, உறிஞ்சுகுழாயின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டினேன். பெட்டி வடிவ கேனிஸ்டர் பெரிய தொட்டிகளுக்கு நல்லது. ஆனால் அது மூடிய பெட்டி. பல மணி நேரம் மின்சாரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியாக்கள் மடிந்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் பாயும். மின்வெட்டுக்கு என்று மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுக் குமிழிக் கருவி ஒன்றையும் வைத்திருக்கிறேன். இதற்குச் செலவு செய்யத் தயங்கவே கூடாது. தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 32 டிகிரியில் 7.3 தான். சித்திரையில் இரவு மின்சாரம் போனால், செடிகளும் மீன்களும் சேர்ந்து அதே ஆக்சிஜனைத்தான் மூச்சுவிடும்.

அந்த வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? தொகுப்பாக விற்கும் கடைகளில் அதையும் சேர்த்தே கட்டிக்கொடுப்பார்கள். நம் ஊருக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும் ஒரு சிறிய மின்விசிறி. மண்பானை குளிரும் அதே முறைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், 55 லிட்டரைப் பத்து டிகிரி குளிர்விக்கும் அளவு. ஆனால் அறையின் சூடு ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால் நமக்கு மிஞ்சுவது இரண்டு, மூன்று டிகிரி. 31-இல் நின்ற தண்ணீர் 28-க்கு இறங்கும். கிரிப்டோகரைனுக்கு அந்த மூன்று டிகிரி பெரிய உதவி.

விளக்கில் வாட்டைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமெனைப் பாருங்கள். லிட்டருக்கு 20 முதல் 40 லூமென் இருந்தால் என் வகைச் செடிகளுக்குத் தாராளம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், நேரச்சுவிட்ச் வைத்து, தவறாமல். முதல் இரண்டு மாதம் வெளிச்சத்தைக் கூட்டும் ஆசையை அடக்க வேண்டும். செடி வேர்விடுவதற்குள் அந்த வெளிச்சத்தைத் தின்று வளர்வது பாசிதான். கரியமிலவாயுச் சிலிண்டரை நான் வைக்கவில்லை. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை கரைத்தால் செடிகள் பாய்ந்து வளரும் என்பது உண்மை. அதோடு உரமும் வெளிச்சமும் பாய வேண்டும். அளவு தப்பினால் மீன்கள் விடியற்காலையில் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும். மக்கிய கரம்பையே கொஞ்சம் கரியமிலவாயுவைத் தந்துகொண்டிருக்கிறது. மெல்ல வளரும் தொட்டி எனக்குப் பிடிக்கும்.

செடிகளில் பாதியைச் சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வரவழைத்தேன். மீதியை ஊருணிக் கரையிலிருந்து. கடைகளில் பகோப்பா என்று விற்கும் செடியின் ஓர் இனம், நாம் ஞாபகசக்திக்கு என்று சொல்லும் நீர்ப்பிரமி. மார்சிலியா என்று சிறிய கிண்ணத்தில் விலைபோட்டு விற்பதன் உறவு, கரையில் கொடியோடிக் கிடக்கும் ஆரைக்கீரை. தண்ணீருக்குள் போனதும் அதன் நான்கு இலை ஒற்றை இலையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே அதை வைக்கலாம். அபோனோஜெட்டன் என்பது நம் கொட்டி. குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிழங்காகக் காத்துக் கிடக்கும் செடி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஊருணிச் செடியோடு நத்தை முட்டையும் அட்டையும் தட்டாரப்பூச்சியின் புழுவும் வரும். அந்தப் புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துக் கவனித்த பிறகே தொட்டிக்கு எடுத்தேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் நட்டேன். ஒரு தட்டை மணல்மேல் வைத்து அதில் விழும்படி தண்ணீரை ஊற்றியதால் அடுக்கு கலையவில்லை. பத்தாவது நாள் கிரிப்டோகரைன் இலைகள் கண்ணாடிபோல ஆகிக் கரைந்துவிட்டன. புது இடத்தில் அவை அப்படித்தான் செய்யும், வேரைப் பிடுங்காமல் விட்டுவிட வேண்டும் என்று படித்திருந்தும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை. அம்மோனியா முதல் வாரம் ஏறி, மூன்றாம் வாரம் இறங்கியது. பாக்டீரியாக்கள் அதை மாற்றியதால், அதன் இடத்தில் மீனுக்கு அதேபோல நஞ்சான நைட்ரைட் வந்தது. ஐந்தாம் வாரக் கடைசியில் இரண்டும் இல்லாமல், தீங்கு குறைந்த நைட்ரேட் மட்டும் நின்றது. மார்கழியில் தரைமட்டத்திலிருந்து அரைவிரல் நீளத்தில் செம்பழுப்புத் துளிர்கள் வந்தன. பொங்கல் கழிந்த மறுவாரம் எட்டுக் கப்பி மீன்களை விட்டேன்.

நேற்று மாலை மேற்கு ஓரத்துக் கறுப்பு அட்டையை விலக்கிப் பார்த்தோம். நூல் பருமனில் ஒரு வெள்ளை வேர், மணலைத் தாண்டி, ஓட்டுச் சில்லு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கரம்பைக்குள் இறங்கியிருந்தது. அது போன வழியெல்லாம் மண், கறுப்பாக அல்லாமல், மெல்லிய துருச்சிவப்பாக மாறியிருந்தது. அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவளே பேனாவை வாங்கி, வேர்நுனி நிற்கும் இடத்தில் கண்ணாடிமேல் ஒரு கோடு இழுத்தாள். நான் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு அட்டையை மூடினேன்.